மோட்சத்தில் ஒரே வீடு

சவேரியம்மாள் சாகாமல் பிழைத்துக்கொண்டதில் தெருவே சந்தோஷப்பட்டது. சவேரியம்மாளுக்கு மட்டும்தான் அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது.

பின்னே என்ன? ஒழுங்காக அன்றைக்கே கண்ணை மூடியிருந்தால் இந்த வம்பு உண்டா? நேரே மோட்சத்துக்குப் போயிருப்பாள். அங்கே தன் புருஷன் இன்னாசியைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து, அவர் போன பிறகு தெருவில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருப்பாள். அவரும் வழக்கம்போல உம் கொட்டிக்கொண்டிருப்பார். அப்படித்தான் அவள் திட்டம் போட்டு வைத்திருந்தாள். மோட்சத்தைப் பற்றி அவளுக்கு மங்கலான எண்ணமெல்லாம் கிடையாது. கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. பின்கட்டில் ஒரு கிணறு, குனிந்து கையாலேயே மொண்டுவிடலாம், அவ்வளவு தண்ணீர். ஒரு குடம் தண்ணீருக்காக முனிசிபாலிட்டிக் குழாயடியில் பாதி ஆயுசைக் கழித்த திண்டுக்கல்காரிக்கு மோட்சம் வேறு எப்படி இருக்கும்?

நயா பைசா புதிதாக வந்து, பழைய அணாவுக்கும் அதற்கும் கணக்குத் தெரியாமல் கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்து வெயில் உச்சியில் நிற்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கஷாயம், அப்புறம் மாத்திரை, அப்புறம் ஊசி. ஊசி போட்ட டாக்டரே கடைசியில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "இனி ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். கோயில்பிள்ளை சூசை கைமணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடக்க, பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து சேர்ந்தார். சாகக் கிடக்கிறவர்களுக்கு மந்திரித்த எண்ணெய் பூசி வழியனுப்பி வைப்பதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். அதற்கு முன்னால், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சாமியார் கேட்டார்.

"யார் மேலயாவது மனசுல பகை வச்சிருக்கீங்களாம்மா?"

"இல்ல சாமி. நான் யாரு வம்புதும்புக்கும் போறதில்ல."

சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறக்காமல் காத்திருந்தார். சவேரியம்மாள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"நத்தத்துல ஒரு நாத்தனா இருக்கா. அவ மேல மட்டும்தான்."

"அது ஒண்ணு போதுமேம்மா, மோட்ச வாசல்ல நிறுத்தி வைக்க."

அந்த நாத்தனார் பெயர் மதலேனம்மாள். இன்னாசியின் கூடப்பிறந்த ஒரே தங்கை. நத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தாலியறுத்து, மகள் வீட்டோடு இருந்தாள். இவளுக்கும் அவளுக்கும் என்ன பகை என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்த மகள் பிலோமியின் கல்யாணத்தன்று சவேரியம்மாளை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் சாப்பிடட்டும், மதினி நம்ம வீட்டு ஆள்தானே என்று மதலேனம்மாள் நினைத்தாள். பெண்ணுக்குத் தாய்மாமன் பெண்டாட்டி நான், என்னை இரண்டாம் பந்திக்குத் தள்ளிவிட்டாளே என்று சவேரியம்மாள் நினைத்தாள். அப்படியே எழுந்து, பாயசம்கூட வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இன்னாசி செத்தபோதும் இவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள், அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். நடுவில் கிடந்தவர் பாவம், உயிரோடு இருந்தபோதும் அவருக்கு அந்த நிலைமைதான்.

மகன் ஆள் அனுப்பினான். அன்று சாயங்காலமே மதலேனம்மாள் நத்தம் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தாள். வீடு நிறைய ஜனம். எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. சவேரியம்மாள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். எப்படியும் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டே போவோம். ஆனால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகியவள் இல்லை. மன்னிக்க ஆரம்பித்தால் அதிலும் தாராளம்தான்.

"மதலேனு," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. மோட்சத்துல ஒங்கண்ணன் நமக்கு எடம் பிடிச்சு வச்சிருப்பாரு. அங்க நீயும் நானும் ஒரே வீட்டுல இருப்போம்."

ஜனங்கள் விக்கி விக்கி அழுதார்கள். சூசை கையில் மெழுகு உருகிச் சொட்டியதுகூடத் தெரியாமல் நின்றான். சாமியார் எண்ணெய் பூசினார். சவேரியம்மாள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து, "கஞ்சி ஏதும் வச்சிருக்கீகளா, இல்ல அழுதுகிட்டேதான் இருக்கீகளா?" என்று கேட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது.

ஆஹா, அதற்கப்புறம் அவளுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டுமே. அவஸ்தை பூசிப் பிழைத்து வந்தவள் என்றால் வாசல்படி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் என்று அர்த்தம். கோயிலில் மாதா சபைப் பெண்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனைத் திட்ட வாயெடுத்தால், "நீங்களா இப்படி?" என்று அவனே வருத்தப்பட்டான். அவள் சொன்ன வார்த்தையைச் சூசை தெருத் தெருவாகச் சொல்லி, சொல்லச் சொல்ல அழகுபடுத்தி, கடைசியில் அது பிரசங்கம் அளவுக்கு நீண்டுவிட்டது. அவஸ்தையில் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்குகிற வழக்கம் அந்த ஜனங்களிடம் கிடையாது. வாங்குவதற்கு யாரும் பிழைத்து வந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

மதலேனம்மாள் நத்தத்துக்குத் திரும்பிப் போனாள். மகனும் பொன்மலைக்குப் போனான். சவேரியம்மாள் எழுந்து நடமாட ஆரம்பித்து, தனக்குப் பிடித்த மாதிரி பானை சட்டிகளை மறுபடி அடுக்கி வைத்து முடித்த ஒரு காலை நேரத்தில், வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. மதலேனம்மாள் இறங்கினாள். பின்னாலேயே ஒரு தகரப்பெட்டி இறங்கியது. கூடை நிறையப் புளி இறங்கியது. கக்கத்தில் ஒரு கோழி.

"என்ன மதலேனு, இம்புட்டுத் தூரம்?"

"வந்துட்டேன் மதினி."

"எத்தன நாளைக்கு?"

"அதென்ன அப்படிக் கேக்குறீக. மோட்சத்துல ஒரே வீட்டுல இருப்போம்னு சொன்னீகள்ல. அங்க போயி திடீர்னு ஒண்ணா இருங்கன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம். இங்கயே கொஞ்சம் பழகிக்கிட்டா நல்லதுதானேன்னு வந்தேன்."

வாசலில் வண்டிக்காரன் நிற்கிறான், எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். சவேரியம்மாள் என்ன சொல்ல முடியும்? "வா" என்றாள். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல அவளுக்குக் காய்ச்சலில் பட்டதைவிட அதிகக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது. திண்டுக்கல்லில் தண்ணீர் எப்படிப்பட்ட சாமான் என்று நத்தத்துக்காரிக்குத் தெரியவில்லை. அங்கே தோப்புக்குத் தோப்பு கிணறு. இங்கே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும், அதுவும் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டு முடிக்கிற நேரம்தான் வரும். மதலேனம்மாள் வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவ மட்டும் அரைக் குடம் ஊற்றினாள். சவேரியம்மாளுக்குத் தன் ரத்தத்தையே சாக்கடையில் ஊற்றுகிற மாதிரி இருந்தது. குழம்பு வைத்தால் புளி தூக்கல். சொன்னால், "அண்ணனுக்கு இப்படித்தான் புடிக்கும்" என்பாள். செத்துப்போன மனுஷனுக்குப் பிடித்ததை உயிரோடு இருக்கிறவள் ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்டால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவாள். கோழி வேறு இடம் கிடைக்காமல் சவேரியம்மாள் கோயில் பூசைக்குக் கட்டுகிற புடவை மேல்தான் முட்டையிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாயங்கால ஜெபமாலைக்குத் தெருப் பெண்கள் கூடினால் ஜெபத்தின் முதல் பாதியான முன்னடியை எடுத்துச் சொல்வது வருஷக்கணக்காகச் சவேரியம்மாள்தான். மதலேனம்மாள் வந்த இரண்டாம் வாரமே அவள் குரல் எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி அவளையே முன்னடி சொல்ல வைத்துவிட்டார்கள். சவேரியம்மாள் பின்னடி சொல்ல வேண்டியதாயிற்று. பக்திமானாக முகத்தை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு மணியையும் நசுக்கி நசுக்கித் தள்ளியதை ஆண்டவர் மட்டும்தான் கவனித்திருப்பார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை எது தெரியுமா? கண்ணை மூடினால் மோட்சம் வரும். கிழக்குப் பார்த்த வீடு வரும், கிணறு வரும், இன்னாசி வருவார். அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். உடனே கிணற்றடியில் மதலேனம்மாள் கால் கழுவிக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டில் உம்மு சல்மா இருந்தாள். அவள் புருஷன் கிதர் முகம்மதுக்குத் தோல் மண்டியில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச்சுவர் வழியாகத்தான் குழம்பும் ரகசியமும் போய் வரும். சவேரியம்மாள் தன் குறையை அங்கேதான் கொட்டினாள்.

"உங்க பக்கம் சொர்க்கத்துல எப்படிம்மா? நாத்தனா எல்லாம் கூடவே வருவாகளா?"

உம்மு சல்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சொர்க்கத்துல ஆறு ஓடும், பழம் இருக்கும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்காருக்கா. நாத்தனாவைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் பயந்துக்கிட்டுக் கேக்கல."

சவேரியம்மாளுக்கு வேண்டியது இரண்டே காரியம். மதலேனம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மோட்சமும் கையைவிட்டுப் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வழி உண்டா என்று கேட்பதற்கு ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் பங்களாவுக்குப் போனாள். சாமியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் சாமி. சாகப்போறோம்னு நெனச்சுச் சொன்ன வார்த்தை, சாகாட்டி செல்லுமா?"

சாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க செஞ்ச பாவசங்கீர்த்தனம் செல்லணுமா, வேண்டாமா?"

"அது செல்லணும் சாமி. அம்புட்டையும் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"அப்ப இதுவும் செல்லும்."

"மன்னிச்சது செல்லட்டும் சாமி. அதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. அந்த ஒரே வீடுன்னு ஒண்ணு சொன்னேன் பாருங்க, அத மட்டும் எடுத்துற முடியுமா?"

"அதை நான் சொல்லச் சொல்லலையேம்மா. நீங்களாச் சேர்த்துக்கிட்டது."

அது உண்மைதான். சவேரியம்மாள் தன் வாயை மனசுக்குள் இரண்டு திட்டு திட்டினாள். பிறகு வேறு பக்கமாக வந்தாள்.

"மோட்சத்துல வீடெல்லாம் எப்படி சாமி? தனித்தனியா இருக்குமா, இல்ல வளவு வீடு மாதிரி எல்லாருக்கும் ஒரே வாசலா?"

"நிறைய இடம் இருக்குன்னுதான் ஆண்டவர் சொல்லியிருக்கார். பிளான் போட்டுக் காட்டலையே."

"அப்ப அவளுக்குத் தென்கோடியில, எனக்கு வடகோடியில கெடைக்கலாம்ல?"

"கிடைக்கலாம். இன்னாசி யார் வீட்டுல சாப்பிடுவாரு?"

சவேரியம்மாள் இதை யோசித்திருக்கவில்லை. அந்த மனுஷன் தங்கச்சி வைக்கிற புளிக்குழம்பு என்றால் பசியில்லாவிட்டாலும் இரண்டு சட்டி சோறு தின்பார். மோட்சம் முழுக்கத் தென்கோடியிலேயே கிடப்பார். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வழியெல்லாம் யோசனை. தானாக வாயைத் திறந்து போகச் சொன்னால்தான் பாவம். பெற்ற மகள் வந்து, அம்மா இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனால் யார் மேல் என்ன குற்றம்? பிலோமியை வரவழைத்துவிட்டால் போதும். வார்த்தையும் கெடாது, தண்ணீரும் மிஞ்சும். இவ்வளவு எளிதான வழி இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழமும், சின்னப் பிள்ளைக்குப் போடுகிற கண்ணாடி வளையலும் வாங்கிக் கூடையில் வைத்தாள்.

"ஒரு சொந்தக்காரவுகளப் பாத்துட்டு வாரேன்," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, பிலோமி சொந்தம்தானே.

மதலேனம்மாள் கூடையைப் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள். அந்தச் சொந்தத்தில் வளையல் போடுகிற வயசில் இருந்தது பிலோமியின் மகள் ஒருத்திதான். "போயிட்டு வாங்க மதினி," என்று மட்டும் சொன்னாள்.

நத்தத்தில் பிலோமி வீடு கடைவீதியை ஒட்டி இருந்தது. அவள் புருஷன் அருளப்பன் புளி வியாபாரி. அவன் சந்தைக்குப் போயிருந்தான். வருஷக்கணக்காக வாசல் மிதிக்காத அத்தையைப் பார்த்ததும் பிலோமி வெலவெலத்துப் போனாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே அத்தை?"

"அவளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா."

பிலோமி காப்பி கொடுத்தாள். சோறு வடித்துப் போட்டாள். சவேரியம்மாள் பஸ்ஸில் வரும்போதே பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். பெத்தவளுக்கு மகள் வீடுதான் சுகம், பேத்தி ஏங்கிப் போயிருக்கும், இப்படி ஆரம்பித்து அப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவள், பேச்சுக்கு ஒரு தொடக்கமாக இருக்கட்டும் என்று கேட்டாள்.

"ஒங்கம்மா எங்க படுப்பா?"

பிலோமி சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிப் பக்கம் பார்த்தாள். சவேரியம்மாள் போய் எட்டிப் பார்த்தாள். கூரை முட்டப் புளி மூட்டை. காற்று வர ஒரு பொந்துகூட இல்லை.

"இதுலயா?"

"இந்த ஓரத்துல ஒரு பாய் விரிக்கிற எடம் இருந்துச்சு அத்தை."

"எங்க?"

பிலோமி கை காட்டினாள். அந்த ஓரத்திலும் இப்போது மூட்டைதான் இருந்தது.

"அம்மா போன மறுநாளே அடுக்கிட்டாக," என்றாள் பிலோமி. "எடம் பத்தல, எடம் பத்தலன்னு அவுக முந்தியே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாக. அம்மா காதுபடவே சொல்லுவாக. நான் என்ன செய்ய அத்தை? ஆனா அம்மா அழுதுகிட்டுப் போகல. நல்ல சேலை கட்டிக்கிட்டு, தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிச் சொல்லிட்டுத்தான் போச்சு. எங்க மதினி சாகக் கெடந்தப்பவும் என்னையத்தான் தேடுனாக, மோட்சத்துலகூட நான் இல்லாம முடியாதாம், அதுவரைக்கும் திண்டுக்கல்லுலயே கூட இருக்கணுமாம்னு. நெசந்தான அத்தை?"

சவேரியம்மாள் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நெசந்தான்," என்றாள். "பெறகென்ன, அவ பொய்யா சொல்லப் போறா."

வளையலைப் பேத்தி கையில் போட்டுவிட்டு, தயார் செய்து கொண்டுவந்த பேச்சில் ஒரு சொல்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அருளப்பன் மேல் கோபம். மூட்டை தூக்க ஆள் இருக்கிறது, மாமியாருக்கு ஒரு கயிற்றுக்கட்டில் போட இடமில்லையா? வாயில்லாப் பூச்சியாக நிற்கும் பிலோமி மேல் கோபம். எல்லோரையும்விட மதலேனம்மாள் மேல்தான் கோபம். வந்த அன்றைக்கே, மதினி எனக்குப் போக்கிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கோழியையும் புளியையும் தூக்கிக்கொண்டு வந்து மோட்சம், பழகிக்கலாம் என்று நாடகமா போடுவாள்? நான் அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என்று நினைத்தாள். நினைத்த கையோடு, அன்று காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு தான் எதற்காகப் புறப்பட்டோம் என்பதும் ஞாபகம் வந்தது. கோபம் போய் அழுகை வந்தது. சிறுமலை ஒரு பக்கமாகக் கூடவே வந்துகொண்டிருக்க, அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

பக்கத்து சீட்டில் மாங்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னாத்தா, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார்.

"யாரும் தவறல அப்பு. நாந்தான் பொழச்சுக்கிட்டேன்," என்றாள்.

அவர் மாங்காய்க் கூடையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாசல் கூட்டித் தெளித்திருந்தது. அடுக்களையில் எல்லாக் குடத்திலும் கழுத்து மட்டும் தண்ணீர், மூடி போட்டு வைத்திருந்தது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள் இல்லை, எங்கே போய்ச் சுமந்து வந்தாளோ. கூடத்தின் நடுவில் தகரப்பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதன்மேல் மதலேனம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன் மதினி. புளி கம்மியாத்தான் போட்டேன். நான் கெளம்புறேன், கடைசி பஸ் இருக்கு."

"எங்க கெளம்புற?"

"பிலோமி வரச் சொல்லியிருப்பாள்ல. அதுக்குத்தான போனீக."

சவேரியம்மாளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கல," என்றாள்.

மதலேனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அழுத முகம் என்று தெரிந்தது. கிட்டங்கியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்துபோயிற்று. கயிற்றின் நுனியை உருட்டிக்கொண்டே பேசினாள்.

"மதினி, அன்னைக்கு நீங்க சாகப்போறோம்னு நெனச்சுத்தான் அதச் சொன்னீக. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். மோட்சத்துக்குப் பழகுறதாவது ஒண்ணாவது." சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள். "அண்ணன் போன பெறகு, ஒரே வீட்டுல இருப்போம்னு என்கிட்ட வேற ஆரும் சொல்லல மதினி. சும்மா பேச்சுக்குக்கூடச் சொல்லல. அதான், அதயே புடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"எந்திரி," என்றாள் சவேரியம்மாள்.

மதலேனம்மாள் எழுந்து நின்றாள். பெட்டியைத் தூக்கப்போகிறாள் என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டாள். சவேரியம்மாள் கூடையை ஓரமாக வீசிவிட்டு, பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது லேசில் அவிழவில்லை. நகத்தால் பார்த்தாள், முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"இப்படியா முடிச்சுப் போடுவ? பேய்க்குப் போட்ட மாதிரி," என்று கயிற்றைத் திட்டினாள். முடிச்சு இளகியது. நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் கோபம் தீராத குரலில்தான் பேசினாள்.

"அன்னைக்குச் சாகப்போற வாயால சொன்னேன். இன்னைக்கு நான் நத்தம் வரைக்கும் போயிட்டு வந்து தெம்பாத்தான் உக்காந்திருக்கேன். காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்ல. வேணும்னா தொட்டுப் பாத்துக்க. இப்பச் சொல்றேன், மதலேனு. நீ இங்க இரு."

மதலேனம்மாள் நிஜமாகவே குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். புறங்கையை வைத்து இன்னொரு தரமும் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லதான் மதினி," என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.